ஆறாவது குழாய்

பிப்ரவரி 3

ஜெனோவா இந்த நோட்டைப் பெட்டிக்குள் வைக்கும்போதே மிரட்டித்தான் வைத்தாள். "போன்ல சிக்னல் இல்லாத நாளெல்லாம் இதுல எழுதுங்க. வந்தப்பொறவு நான் வாசிப்பேன். பொய் எழுதுனா கண்டுபிடிச்சிருவேன். ஒரே விசயத்த நீங்க மூணு தடவ சொன்னா அது பொய்னு எனக்குத் தெரியும்."

கட்டின பெண்டாட்டி போலீஸாக இருந்தால் இப்படித்தான். சரி மகராசி, கேள். நேற்று சாயங்காலத்திலிருந்து சிக்னல் இல்லை. கப்பலில் இருக்கிற இன்டர்நெட் கேப்டன் அறையோடு சரி. ஸ்வீடனுக்கும் பின்லாந்துக்கும் நடுவே வடக்கே ஏறிப் போகிற போத்னியா வளைகுடாவில் போய்க்கொண்டிருக்கிறோம். சரக்கு என்ன தெரியுமா? உப்பு. ஆறாயிரம் டன். வடக்கே ஒரு ஊரில் ரோட்டில் தூவுவதற்கு. ரோட்டில் உறைகிற ஐஸை உப்புப் போட்டால்தான் கரைக்க முடியுமாம். தூத்துக்குடிக்காரனை உப்புக் கப்பலில் ஏற்றி விட்டிருக்கிறார்கள், கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்தவன் மாதிரி.

இன்றைக்குக் காற்றான காற்று. அலை அடித்து மேலே தெறிக்கிற தண்ணீர் கம்பியில் பட்ட இடத்திலேயே ஐஸ் ஆகிவிடுகிறது. போசன் தஸ்நேவிஸ் அண்ணன் எங்களை விரட்டி, பின்பக்கத்துக் காற்றுக் குழாய் ஆறுக்கும் கித்தான் மூடி போட்டுக் கட்ட வைத்தார். போசன் என்றால் மேல்தட்டில் வேலை செய்கிற ஆட்களுக்கு மேஸ்திரி. அண்ணன் நம்ம ஊர்தான், திரேஸ்புரம். ஐம்பத்துநாலு வயசு. இந்தக் கப்பலில் தமிழ் பேச அவருக்கு நான், எனக்கு அவர்.

நம்ம மாதாவுக்குப் பனிமய மாதா என்று பேர். ஊரில் பனி என்றால் மார்கழியில் தலையில் துண்டு கட்டுகிற பனிதான். இங்கே வந்து பார்த்தால் தெரியும், அந்தப் பேருக்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று. மாதாவே, மன்னிச்சிரு.

பிப்ரவரி 4

ஐஸுக்குள் நுழைந்துவிட்டோம். கடல் என்று பேர்தான். கண்ணுக்கு எட்டிய மட்டும் வெள்ளைக் கட்டாந்தரை. கப்பல் போகிற சத்தம் தகரக் கூரையில் கல்லை அள்ளிக் கொட்டுகிற மாதிரி. சாப்பிடும்போது தட்டு நடுங்குகிறது, பல்லும் நடுங்குகிறது.

முன்னால் ஐஸ்பிரேக்கர் போகிறது. ஐஸை உடைத்து வழி போடுவதற்கென்றே கட்டின கப்பல், பார்க்க அசல் எருமை. அது உடைத்துக்கொண்டு போகும், பின்னால் வரிசையாக நாங்கள் நாலு கப்பல் வால் பிடித்துப் போகவேண்டும். கொஞ்சம் பிந்தினால் உடைத்த வழி திரும்ப மூடிக்கொள்ளும்.

பின்தட்டில் வழுக்கி விழுந்தேன். இடுப்பில் சரியான அடி. யாரும் பார்க்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் இரண்டு முழம் தள்ளி விழுந்திருந்தால் ஐஸில்தான் விழுந்திருப்பேன். ஒன்றும் இல்லை, சும்மா சொன்னேன்.

பிப்ரவரி 5

காலையில் ஐஸ்பிரேக்கரிலிருந்து ரேடியோவில் சொன்னார்கள்: உங்கள் கப்பலின் பின்பக்கம் தூக்கிக்கொண்டு இருக்கிறது, கப்பலைத் தள்ளுகிற விசிறி ஐஸில் அடித்து உடையும், பின்பக்கத்துத் தொட்டியில் தண்ணீர் ஏற்றித் தாழ்த்துங்கள் என்று.

தொட்டியில் தண்ணீர் ஏற ஏற உள்ளே இருக்கிற காற்று வெளியே போகவேண்டும். அதற்குத்தான் அந்தக் குழாய்கள். அதனால் பம்பு போடுமுன் கித்தான் மூடியை எல்லாம் அவிழ்த்து, குழாய் வாயில் ஐஸ் இருக்கிறதா என்று கையை விட்டுப் பார்க்கவேண்டும். போசன் என்னை அனுப்பினார். நான் போய் ஆறு குழாயையும் பார்த்தேன். திரும்பி வந்து, "எல்லாம் தெறந்தாச்சுண்ணே" என்றேன். அவர் வாக்கி டாக்கியில் இங்கிலீஷில், கேப்டனுக்கு அடுத்த அதிகாரியான மேட்டிடம் சொன்னார். எப்போதும் அப்படித்தான். எனக்கு இங்கிலீஷ் வாயில் வராது, நான் அண்ணனிடம் தமிழில் சொல்வேன், அண்ணன் மேலே சொல்வார். மேட்டுக்குக் கேட்பது அண்ணன் குரல் மட்டும்தான்.

பம்பு ஓடிக் கால் மணி நேரம் இருக்கும். துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். பின்னால் சுக்கான் திருப்புகிற மோட்டார் அறையில் தரைத்தகடு உப்பிப் பிளந்து, கீழேயிருந்த தொட்டித் தண்ணீர் பீறிட்டு அடிக்கிறது. ஒரு மோட்டார் நனைந்து செத்துவிட்டது. முழங்கால் தண்ணீரில் நின்று மரக்கட்டையும் சிமெண்டுமாக வைத்து அடைத்தோம். ஆறாவது குழாய் அடைத்திருந்ததாம். காற்றுப் போக வழி இல்லாமல் தொட்டி வெடித்திருக்கிறது.

முதலில் பின்தட்டுக்கு ஓடியவர் போசன். திரும்பி வரும்போது கோட்டுக்குள் என்னத்தையோ திணித்த மாதிரி வயிறு உப்பி இருந்தது. குளிருக்குத் துணி கிணி வைத்திருப்பார்.

நான் ஆறையும் பார்த்தேன். பார்த்த பிறகு உறைந்திருக்கும். அந்தக் குளிரில் ஐந்து நிமிஷத்தில் உறையும். ஆறையும் பார்த்தேன்.

பிப்ரவரி 6

சுக்கான் சரியில்லாத கப்பலை வரிசையில் சேர்க்க மாட்டேன் என்று ஐஸ்பிரேக்கர் சொல்லிவிட்டது. எங்களை அப்படியே விட்டுவிட்டு மற்ற மூன்றையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மத்தியானத்துக்குள் எங்களைச் சுற்றி ஐஸ் இறுகிவிட்டது. காற்று தெற்கிலிருந்து தள்ளத் தள்ளப் பாளம் மேல் பாளமாக ஏறிக் கப்பல் விலாவில் சாய்ந்து நிற்கிறது. விசிறியை மட்டும் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள். நிறுத்தினால் அதையும் ஐஸ் பிடித்துக்கொள்ளும்.

கேப்டன் போலந்துக்காரர், பேர் யாரெக். நல்ல மனுஷன்தான், ஆனால் கோபம் வந்தால் சத்தம் குறையும். இன்றைக்கு அவர் பேசியது யாருக்கும் கேட்கவில்லை. போசனைக் கூப்பிட்டு அரை மணி நேரம் வைத்திருந்தார். வெளியே வந்தவரிடம் போய் நின்றேன்.

"என்னண்ணே கேட்டாரு?"

"நீ பாத்தியான்னு கேட்டாரு. பாத்தேன்னேன்."

"நீங்களாண்ணே?"

"பின்ன யாருல?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

துறைமுகம் போய்ச் சேர்ந்ததும் கம்பெனியிலிருந்து ஆள் வந்து விசாரிப்பாராம். அதற்கு முன்னால் கேப்டன் அறிக்கை எழுதவேண்டும். ஐம்பது தாண்டிய ஆட்களுக்கு எங்கள் கம்பெனியில் கேப்டன் நல்லபடியாக எழுதிக் கொடுத்தால்தான் மறுபடி கப்பல். 'பார்க்காமல் பார்த்தேன் என்றவர்' என்று ஒரு வரி விழுந்தால் அண்ணனின் கடல் இதோடு முடிந்தது. பதினெட்டு வயசில் ஏறியவர். தரையில் நாலு நாள் இருந்தால் தலைசுற்றுகிறது என்பார்.

பிப்ரவரி 7

ஐஸ். சாம்பார் என்று ஒன்று. ஐஸ்.

பிப்ரவரி 8

என் அலமாரியில், காலணிக்குப் பின்னால், ஒரு கித்தான் மூடி. மடித்து வைத்திருக்கிறது. கட்டின கயிறு அப்படியே முடிச்சோடு கத்தியால் அறுத்திருக்கிறது. யார் வைத்தார்களோ தெரியவில்லை. ஈரமாக இருந்தது, காயட்டும் என்று ஹீட்டர் மேல் போட்டேன். பிறகு, யாராவது பார்ப்பார்களே என்று மெத்தைக்கு அடியில் வைத்தேன்.

படுத்தால் முதுகில் முடிச்சு குத்துகிறது.

பிப்ரவரி 9

எல்லாரும் மரச்சுத்தியல் எடுத்துக்கொண்டு மேல்தட்டில் ஐஸ் தட்டுகிறார்கள். வெளியே மைனஸ் இருபத்திரண்டு. எனக்குச் சமையலறையில் உருளைக்கிழங்கு. நேற்றும் எனக்கு உள்ளேதான் வேலை, கீழே கயிறு சுருட்டுகிறது. முந்தாநாள் துணி மடிக்கிறது.

முதல் நாள் சந்தோஷமாகத்தான் இருந்தது. இன்றைக்குத்தான் உறைத்தது, அண்ணன் என்னை வெளியே அனுப்புவதில்லை. குழாய்களைத் தினம் காலையிலும் மத்தியானத்திலும் அவரே போய்ப் பார்க்கிறார். ஐம்பத்துநாலு வயசு மனுஷன், முழங்கால் வாதம், ஐஸில் பூனை மாதிரி அடி வைத்து நடந்து போய், ஆறிலும் கையுறையைக் கழற்றிவிட்டுக் கையை விட்டுப் பார்க்கிறார். சமையலறை ஜன்னலில் தெரிகிறது. தெரியாமல் இருந்தால் தேவலை.

பொறுக்கமாட்டாமல் கேட்டேன். "அண்ணே, நாலு திட்டாவது திட்டுங்களேன்."

அவர் கூடையைப் பார்த்தார். "தோலு தடியா சீவுத. கெழங்கு பூரா தோலோட போவுது பாரு."

அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

பிப்ரவரி 11

எங்களுக்கு முன்னால் பதினோரு கப்பல் காத்திருக்கிறதாம். ஐஸ்பிரேக்கர் இரண்டே இரண்டு. எந்தக் கப்பலுக்கு வலு அதிகமோ அதற்கு முதல் இடம், நொண்டிக் கப்பல் கடைசி. சின்னக் கப்பல்களை இந்தப் பக்கமே வராதே என்று திருப்பி விட்டுவிட்டார்கள். வடக்கே பேப்பர் மில்லில் ரோல் ரோலாகப் பேப்பர் கிடங்கு நிறைந்து வெளியே அடுக்கியிருக்கிறதாம், ஏற்றிப் போகக் கப்பல் இல்லாமல் மில்லை நிறுத்தலாமா என்று யோசிக்கிறார்களாம். ஒரு ஓரத்தில் தண்ணீர் கல்லானால் எத்தனை பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவேண்டியிருக்கிறது பார்.

துறைமுகத்து ஏஜெண்ட் தினமும் ரேடியோவில் கேட்கிறான், உப்பு எப்போது வரும் என்று. ஊரில் உப்பு தீர்ந்துவிட்டது. மணலைத் தூவிச் சமாளிக்கிறார்கள். பஸ் பாதியில் நிற்கிறது. ஆஸ்பத்திரியில் வழுக்கி விழுந்தவர்கள் கூட்டமாம், பாதிப் பேருக்கு இடுப்பு எலும்பு. நாங்கள் வரிசையோடு போயிருந்தால் ஏழாம் தேதியே உப்பு இறங்கியிருக்கும்.

கேப்டனும் மேட்டும் சமையல்காரனும் ஐஸ் விலகட்டும் என்று வேண்டுகிறார்கள். காலையில் எழுந்து ஜன்னல் திரையை விலக்கி, ஐஸ் அப்படியே இருக்கிறதைப் பார்த்து நிம்மதியாகிறவன் இந்தக் கப்பலில் நான் ஒருத்தன்தான். துறைமுகம் வராதவரைக்கும் விசாரணை வராது. அப்புறம் நாள் பூரா உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. நடைபாதையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கிறேன். நாற்பத்தொரு அடி. இன்றைக்கு எத்தனை முறை நடந்தேன் என்று எண்ணவில்லை.

பிப்ரவரி 12

கேப்டன் அறைக் கதவைத் தட்டினேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். கதவு திறந்தது, "யெஸ்?" என்றார். எனக்கு வாயில் வந்தது "காஃப், சார்." கேப்டன்தான் மருந்துப் பெட்டி வைத்திருக்கிறார். கரிசனமாக மார்பில் குழல் வைத்துப் பார்த்து, ஒரு பாட்டில் இருமல் மருந்து கொடுத்து, மூன்று வேளை குடி என்றார்.

சாப்பாட்டு மேஜையில் அவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார். குடிக்கிறேன். வேப்பெண்ணெய் தேவலை.

பிப்ரவரி 13

மத்தியானம் மறுபடியும் போனேன். "பெட்டரா?" என்றார். "எஸ் சார், பெட்டர்" என்று சொல்லிவிட்டு வந்தேன். தூ!

ஜெனோவா, நீ வாசிக்கும்போது ஐந்தாம் தேதிப் பக்கத்தில் நிறுத்தியிருப்பாய். எண்ணியிருப்பாய். மூன்று தடவை எழுதியிருக்கிறேன். சரி, கேள்.

ஐந்து குழாய்தான் பார்த்தேன். ஆறாவது இடதுபக்கக் கடைக்கோடியில், கயிறு இழுக்கிற இயந்திரத்துக்குப் பின்னால் இருக்கிறது. நாலாம் தேதி நான் விழுந்தது அங்கேதான். தரை கண்ணாடி மாதிரி. கம்பியைப் பிடித்து ஒரு அடி வைத்தேன், கால் நடுங்கியது, பிறகு என்னவோ போகத் தோன்றவில்லை. தூரத்தில் இருந்தே பார்த்தேன். மூடி அவிழ்ந்திருந்த மாதிரிதான் இருந்தது.

பிப்ரவரி 14

இல்லை. மூடி கட்டியபடிதான் இருந்தது. நல்லாத் தெரிந்தது. மூன்றாம் தேதி நான் கட்டின கட்டு, எனக்குத் தெரியாதா?

பயம். வேறொன்றும் இல்லை, பயம். ஆறு வயசிலிருந்து வள்ளத்தில் போனவன், பன்னிரண்டு அடி தூரம் நடக்கப் பயந்து நின்றேன். பயந்தேன் என்று அண்ணனிடம் சொல்ல வெட்கம். அதனால் "எல்லாம் தெறந்தாச்சுண்ணே" என்று சொன்னேன். இவ்வளவுதான் விஷயம்.

அண்ணன் ஓடிப்போய்ப் பார்த்ததும் மூடி கட்டியிருந்ததை அறுத்து எடுத்திருக்கிறார். மூடியோடு இருந்திருந்தால் யாரும் அந்தப் பக்கமே போகவில்லை என்று தெரிந்துபோகும். மூடி இல்லாவிட்டால், பார்த்தபிறகு உறைந்ததோ என்று ஒரு சந்தேகமாவது இருக்கும். ஆனால் கேப்டன் அதை நம்பவில்லை. குழாய்க்குள் ஒரு முழ நீளத்துக்கு ஐஸ் இருந்ததாம், கால் மணி நேரத்தில் அவ்வளவு உறையாது என்று மேட் அளந்து எழுதி வைத்திருக்கிறான்.

அறிக்கை தட்டச்சு செய்து முடித்தாகிவிட்டது. கேப்டன் அறையைக் கூட்டப் போனபோது மேஜை மேல் பார்த்தேன். எனக்கு இங்கிலீஷ் பேச வராதே தவிர, வாசிக்கத் தெரியும். Bosun என்று மூன்று இடத்தில் இருந்தது. என் பேர் எங்கேயும் இல்லை.

பிப்ரவரி 15

ஐஸ்பிரேக்கர் வந்துவிட்டது. எட்டு மணிக்கே அடிவானத்தில் புகை தெரிந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். நான் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

எங்களைச் சுற்றி இரண்டு வட்டம் போட்டு ஐஸை உடைத்தது. அதன் பின்பக்கத்தில் வெட்டு விட்ட மாதிரி ஒரு பள்ளம் இருக்கிறது. நொண்டிக் கப்பலின் மூக்கை அதில் இழுத்துச் செருகி, இரும்புக்கயிறு போட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். நம் சுக்கான் எப்படி இருந்தாலும் கவலை இல்லை. கயிறு வாங்கிக் கட்ட ஆள் போதவில்லை, எல்லாரையும் முன்தட்டுக்குக் கூப்பிட்டார்கள். நானும் கையுறை மாட்டி ஓடினேன். போசன் என்னைப் பார்த்தார்.

"நீ உள்ள போ."

"அண்ணே, ஆள் பத்தல."

"பத்தும். உள்ள போ."

எல்லாருக்கும் முன்னால். எங்களோடு வேலை செய்கிற பிலிப்பைன்ஸ் பையன்கள்கூடப் பார்த்தார்கள். உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 16

மாலை நாலரை மணிக்குக் கரை. அதற்குள்ளேயே பொழுது சாய்ந்துவிட்டது. துறைமுகத்தில் லாரிகள் வரிசையாக நிற்கின்றன, உப்புக்கு. கயிறு கட்டி முடிக்குமுன்னே கம்பெனி ஆள் ஏறிவிட்டார். பேர் ஹோல்ம், நார்வேக்காரர், ஒல்லியாக, மூக்குக்கண்ணாடி. சாப்பாட்டு அறையில் உட்கார்ந்தார்கள். அவர், கேப்டன், மேட். போசனைக் கூப்பிட்டார்கள்.

மெத்தையைத் தூக்கிக் கித்தானை எடுத்தேன். நடைபாதை நாற்பத்தொரு அடி. இன்றைக்கு ஒரே முறைதான் நடந்தேன். தட்டாமல் உள்ளே போய், மேஜை மேல் கித்தானை வைத்தேன். முடிச்சு மேலே தெரிகிற மாதிரி.

கேப்டன் கித்தானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வாட் இஸ் திஸ்?" என்றார். சத்தம் குறைவாக இருந்தது.

இங்கிலீஷ் வரவில்லை. அண்ணன் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னேன்: "ஆறாவது குழாய்க்கு நான் போவல. மூடி கெட்டுனபடியே கெடந்துச்சு. ஒங்ககிட்ட நாந்தான் பொய் சொன்னேன். இத அவங்ககிட்ட சொல்லுங்கண்ணே."

அண்ணன் கித்தானை எடுத்து முடிச்சைத் தடவிப் பார்த்தார். பிறகு ஹோல்ம் பக்கம் திரும்பி இங்கிலீஷில் ஏதோ சொன்னார். ஓல்டு என்கிற வார்த்தை வந்தது. ரோப் என்று வந்தது. பேட் ரோப், வெரி கோல்டு என்று வந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. கயிறு பழசு, அவிழ்க்க முடியாமல் உறைந்திருந்தது, பையன் பாவம் என்கிற மாதிரி திருப்புகிறார். பதினோரு நாள் அதைப் பற்றி என்னை ஒரு வார்த்தை கேட்காத மனுஷன், பேசுகிறபோதும் எனக்காகத்தான் பேசுகிறார்.

"நோ சார்," என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். "ரோப் குட். ஐ பேட்."

ஹோல்ம் பேனாவைக் கீழே வைத்தார்.

"நம்பர் சிக்ஸ், ஐ நாட் கோ. ஐ ஃபியர். ஐ டெல் போசன், ஆல் ஓப்பன். போசன் டெல் யூ. போசன் நாட் லை சார். ஐ லை."

அவ்வளவுதான் என்னிடம் இருந்த இங்கிலீஷ். எல்லாவற்றையும் செலவழித்துவிட்டேன்.

யாரும் கத்தவில்லை. ஹோல்ம் என் பேரை எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டார். ரெமிஜியுஸ், ஆர், இ, எம். கேப்டன் தட்டச்சு செய்து வைத்திருந்த தாளை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

வெளியே வந்து அண்ணனும் நானும் நடைபாதையில் நின்றோம்.

"இத்தன நாளா இங்கிலீசு வராதுன்னு என்னைய நாய் மாதிரி குலைக்க விட்டியேல, பாவி," என்றார்.

"ஏண்ணே சொல்லல நீங்க? அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?"

"மேட்டு எங்கிட்ட, ஆறும் தெறந்தாச்சான்னு கேட்டான். ஆமான்னேன். பாக்காம ஆமான்னது என் வாயி. அதுக்கு நான் பதில் சொல்லித்தான் ஆவணும். ஒன் வாயி சொன்னதுக்கு நீதான் சொல்லணும். அத நான் எப்படில சொல்ல?"

"அப்ப கித்தான எதுக்கு என் அலமாரியில வச்சிய? கடல்ல போட்டிருக்கலாம்லா?"

அண்ணன் ஜன்னல் வழியே வெளியே காட்டினார். "எங்கல கடலு? ஐஸு மேலதான் கெடக்கும். காலையில எந்திரிச்சுப் பாத்தா அங்ஙனேயே கெடக்கும். நாம ஊர் போய்ச் சேந்தாலும் கெடக்கும்."

பிப்ரவரி 17

முடிவு சொன்னார்கள். போசனுக்கு ஒரு வரி எச்சரிக்கை: நேரில் பார்க்காமல் சொன்னது தப்பு என்று. கேப்டன் அதற்குக் கீழே தன் கையால் நாலு வரி எழுதியிருக்கிறார். அண்ணன் அதை என்னிடம் காட்டவில்லை, ஆனால் காலையிலிருந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரிகிறார், கேட்டால் குளிர் என்கிறார். அடுத்த கப்பல் உண்டு.

எனக்கு வியாழக்கிழமை விமானம். வீட்டுக்கு. அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறதோ அது எனக்கு முன்னாலேயே போயிருக்கும். மறுபடி கப்பல் கிடைக்குமா என்று கேட்டேன். ஹோல்ம் தோளை உயர்த்தினார். ஜெனோவா, உனக்கு நான் என்ன பதில் சொல்வது என்று விமானத்தில் யோசித்துக்கொள்கிறேன். இந்த நோட்டில் ஒரு பக்கத்தையும் கிழிக்கவில்லை. அது ஒன்றுதான் நான் கொண்டுவருவது.

காலையிலேயே உப்பு இறங்க ஆரம்பித்துவிட்டது. கிரேன் அள்ளிக் கொட்டக் கொட்ட லாரிகள் தார்ப்பாய்கூடப் போடாமல் ஓடுகின்றன. ஒரு கிழவர் கையில் பிளாஸ்டிக் வாளியோடு கேட்டுக்கு வெளியே நிற்கிறார். லாரிக்காரன் ஒருத்தன் நிறுத்தி, இறங்கி, அவருக்கு ஒரு வாளி அள்ளிக் கொடுத்துவிட்டுப் போனான். எனக்கு அதைப் பார்க்க ஆறுதலாகவும் இருந்தது, பத்து நாள் தாமதமும் ஞாபகம் வந்தது.

உப்பு இறங்க இறங்கக் கப்பல் மேலே எழும்பும். ஈடு கட்டத் தொட்டியில் தண்ணீர் ஏற்றவேண்டும். பதினோரு மணிக்கு நான் உருளைக்கிழங்குக் கூடையோடு உட்கார்ந்திருந்தேன். போசன் வாசலில் வந்து நின்றார்.

"கெழங்க வையி. பம்பு போடப் போறாவ."

எழுந்தேன். அவர் தன் மார்பில் மாட்டியிருந்த வாக்கி டாக்கியைக் கழற்றி என் கோட்டில் மாட்டினார். நான் அவரைப் பார்த்தேன்.

"நீயே பாரு. நீயே மேட்டுகிட்ட சொல்லு. நான் காப்பி குடிக்கப் போறேன்."

பின்தட்டுக்குப் போனேன். மைனஸ் பதினெட்டு. தரை இன்னும் கண்ணாடிதான். முதல் குழாய், இரண்டாவது, மூன்று, நாலு, ஐந்து. ஒவ்வொன்றிலும் கையுறையைக் கழற்றிக் கையை விட்டுப் பார்த்தேன். ஆறாவதுக்கு நடக்கும்போது கால் நடுங்கியது, இல்லை என்று எழுதமாட்டேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு, பூனை மாதிரி, பன்னிரண்டு அடி. குழாய் வாயில் ஓரமாகக் கொஞ்சம் ஐஸ் பிடித்திருந்தது. விரலால் சுரண்டி எடுத்தேன். உள்ளே முழங்கை வரைக்கும் விட்டேன். வெறும் காற்று.

பொத்தானை அழுத்தினேன். "நம்பர் சிக்ஸ், ஓப்பன்," என்றேன். "ஐ கோ. ஐ சீ."

"தேங்க் யூ," என்றான் மேட். கீழே பம்பு ஓடத் தொடங்கியது. நான் அங்கேயே நின்று, குழாயிலிருந்து காற்று வெளியே வருகிறதா என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்துகொண்டிருந்தது.